மலைப்புல் தரிசு இல்லை: கருந்தொண்டைச் சில்லை பற்றி ஒரு விவாதம்

அசம்பு மலையான்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மாறாமலைப் பக்கம் கிராம்புத் தோட்டங்கள் முடியும் இடத்துக்கு மேலே ஒரு புல்சரிவு இருக்கிறது. மழை தொடங்கியதும் அங்கே மரக்கன்று நடப்போவதாக வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு சுற்றுகிறது. "தரிசாகக் கிடக்கும் மலையைப் பசுமையாக்குவோம்" என்று அதில் போட்டிருக்கிறார்கள். நடுகிறவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சரிவு தரிசு இல்லை. அது கருந்தொண்டைச் சில்லை மேயும் இடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதி, கிழக்குத் தொடர்ச்சி மலையில் சில பகுதிகள், இலங்கையின் மலைநாடு ஆகிய இடங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது. நம் பக்கத்தில் ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேலேதான் இதைப் பார்க்க முடியும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பறவை மிகச் சிறியது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 12 சென்டிமீட்டர்தான். முகம், தொண்டை, நெஞ்சின் மேற்பகுதி எல்லாம் கருமை. முதுகு அடர்பழுப்பு, அதில் மெல்லிய வெளிர்க் கோடுகள். வயிறு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, அதில் ஒரு புள்ளிகூட இருக்காது. வால் கறுத்து நீண்டிருக்கும். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும்.

மேயும்போது அருகில் நின்று பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள். புல்தண்டின் பாதி உயரத்தில் வந்து பற்றும், பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து மேலே ஏறும். கதிரை எட்டும்போது தண்டு வளைந்துவிடும், பறவை கிட்டத்தட்ட தலைகீழாகத் தொங்கும். அப்படியே ஒரு விதையைப் பறித்து அலகின் ஓரத்தில் உருட்டும். கீழ் அலகு ஒருபுறம் அசைய, நாக்கு விதையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உமி மட்டும் அலகின் இரு பக்கமும் வழிந்து விழும். காற்று ஓய்ந்த நேரத்தில் உமி கீழே இலைமேல் விழுவதைக்கூடப் பார்க்கலாம்.

இந்தப் பறவைக்கு வேண்டியது புல்விதை. மரத்தடியில் நிழல் விழுந்தால் இந்தப் புல் கதிர்விடாது. என் வாதம் இவ்வளவுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

கும்பப்பூ

வணக்கம். எனக்குத் தேரூர் பக்கம் வயல். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகமும் வைக்கிறேன். ஐயா சொல்லும் இந்தக் குருவிதானா, நெல் பால் பிடிக்கும் நேரத்தில் கூட்டமாக வந்து கதிரைச் சப்பிப் போடுகிறது? அப்படியென்றால் அதைக் காப்பாற்றச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். வரப்போரத்தில் இரண்டு மூன்று வரிசை முழுப் பதராகப் போய்விடுகிறது. மினுமினுக்கும் நாடா கட்டிப் பார்த்தோம், டின் தட்டிப் பார்த்தோம். எழும்பிப் போய்ப் பக்கத்து வயலில் இறங்கி, பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகின்றன.

அசம்பு மலையான்

உங்கள் வயலுக்கு வருவது வேறு, அண்ணாச்சி. நம் மாவட்டத்தில் ஐந்து வகைச் சில்லைகள் உண்டு. எல்லாவற்றையும் "நெல்லுக்குருவி" என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுவதால் பழி எல்லாவற்றின் மேலும் விழுகிறது.

உங்கள் வயலுக்குப் பெரும்பாலும் புள்ளிச் சில்லை வரும். முதுகு பழுப்பு, வயிற்றில் வெள்ளையும் கறுப்புமாகச் செதில் செதிலாகக் கோடு இருக்கும். கூடவே கருந்தலைச் சில்லையும் வரும். தலையும் நடுவயிறும் கறுப்பு, பக்கவாட்டில் வெள்ளை, முதுகு செங்கல் நிறம். இது தேரூர், வேம்பனூர் குளங்களில் கோரையும் நாணலும் உள்ள ஓரங்களை விரும்பும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே உள்ள முள்காட்டில் இருப்பது வெண்தொண்டைச் சில்லை. வறண்ட நிலத்துப் பறவை அது, தூக்கணாங்குருவி கைவிட்ட கூட்டில் குடிபுகுந்து முட்டையிடும். ரப்பர் தோட்டம், மூங்கில், காட்டோரம் இங்கெல்லாம் வெண்முதுகுச் சில்லை. அதற்கும் மேலே போனால்தான் கருந்தொண்டைச் சில்லை.

மேலே உள்ளது மலையில் கூட்டத்தோடு புல்லுக்குப் புல் நகரும். உங்கள் கும்பப்பூ நெல்லுக்கு அது இறங்கி வராது.

இன்னொன்றையும் சொல்கிறேன். புள்ளிச் சில்லை வயலில் நெல்லை மட்டும் தின்பதில்லை. வரப்பில் முளைக்கும் புல்விதையையும், வயலுக்குள் களையாக வரும் குதிரைவாலிப் புல்லின் விதையையும் தின்கிறது. இனப்பெருக்கத்துக்கு முன்பு புரதச் சத்துக்காகத் தண்ணீரில் மிதக்கும் பாசியைக்கூடத் தின்னும். வரப்பை மண்தெரியச் செதுக்கிவிட்டால் அதற்கு உங்கள் நெல்லை விட்டால் வேறு போக்கு இல்லாமல் போகும்.

கீரிப்பாறைச் செல்வி

வெண்முதுகுச் சில்லை எங்கள் வீட்டருகே நிறைய உண்டு. ரப்பர் வெட்டிவிட்டு மறுநடவு செய்யும் இடங்களில் கினிப்புல் ஆளுயரம் வளரும், அதில் விடியற்காலையிலேயே வந்துவிடும். ஆனால் மேல்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் என் அத்தை, அங்கேயும் இதே குருவிதான் என்று உறுதியாகச் சொல்கிறார். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? எனக்குப் பைனாகுலர் கிடையாது.

அசம்பு மலையான்

வெறுங்கண்ணாலேயே முடியும். அது பறந்து எழும்பும் கணத்தில் முதுகைப் பாருங்கள். வாலுக்கு மேலே தெளிவான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தால் அது வெண்முதுகுச் சில்லை. கருந்தொண்டைச் சில்லைக்கு அந்த வெள்ளை கிடையாது. உட்கார்ந்திருந்தால் வயிற்றைப் பாருங்கள். வெள்ளை வயிறு என்றால் வெண்முதுகு. இளஞ்சிவப்புச் சாயலோடு பழுப்பு வயிறு என்றால் கருந்தொண்டை. இரண்டும் ஒன்றாக மேயும் உயரமும் உண்டு, அத்தை அங்கே வெண்முதுகைப் பார்த்திருந்தால் அதுவும் சரிதான்.

குஞ்சுப் பருவத்துப் பறவைகளை மட்டும் அவசரப்பட்டுப் பெயர் சொல்லாதீர்கள். கருந்தொண்டையின் இளம்பறவைக்கு முகக் கருமை மங்கலாக இருக்கும், வயிற்றில் கறை கறையாக இருக்கும். புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை இரண்டின் இளம்பறவைகளும் வெறும் பழுப்பாக ஒன்றுபோல் இருக்கும். கூட இருக்கும் பெரிய பறவையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹட்டன் தோட்டத்து மகள்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கருந்தொண்டைச் சில்லை என்று கண்டதும் நின்றுவிட்டேன். எங்கள் மலைநாட்டில் இது சாதாரணமாகக் காணக்கிடைக்கிற பறவை. நுவரெலியாவில் வீட்டுத் தோட்டங்களுக்கே வரும். தேயிலைக்கு மேலே பத்தனாப் புல்வெளிகளிலும் உண்டு. ஆனால் அண்ணன் எழுதிய வர்ணனை எனக்கு ஓரிடத்தில் பொருந்தவில்லை. எங்கள் பறவைக்கு வயிறு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் செதில் கோலம் இருக்கும். நீங்கள் ஒரு புள்ளிகூட இல்லை என்கிறீர்கள். இரண்டும் ஒரே பறவைதானா?

அசம்பு மலையான்

ஒரே இனம், வேறு வேறு கிளையினங்கள், தங்கச்சி. உங்கள் மலையில் இருப்பதுதான் முதலில் பெயர் பெற்றது. சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1863ஆம் ஆண்டு, இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட்டின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு பறவை ஆய்வாளர் ஹியூம் எங்கள் பக்கத்துப் பறவையைத் தனியாகப் பிரித்து, அதற்கு ஜெர்டனின் பெயரையே வைத்தார். உங்களுடையதற்கு வயிற்றிலும் வாலுக்கு மேலேயும் கறுப்பு வெள்ளைக் கோலம் உண்டு, எங்களுடையதற்கு இல்லை.

நடுவில் கடல், இரண்டு பக்கமும் சூடான சமவெளி. மலையை விட்டு இறங்கிப் போகாத பறவை, இரண்டு மலைகளிலும் தனித்தனியாக வாழ்ந்து வேறு வேறு கோலம் கொண்டிருக்கிறது. சில்லைகளில் மலைப்புல்லையே நம்பி வாழ்கிறவை வேறு நாடுகளிலும் உண்டு. நியூ கினித் தீவின் உயர்மலைப் புல்வெளிகளில் மட்டும் இரண்டு இனங்கள் இருக்கின்றன. புல் இருக்கும் மலை ஒவ்வொன்றும் இவற்றுக்குத் தனி நாடு மாதிரிதான். ஒரு மலையில் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹட்டன் தோட்டத்து மகள்

நன்றி அண்ணா. எங்கள் பக்கம் பத்தனாவிலும் பைன் நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் ஊசியிலை மெத்தையாகக் கிடக்கும், புல் கிடையாது, இந்தக் குருவியை அங்கே கண்டதே இல்லை. உங்கள் சரிவைக் காப்பாற்றுங்கள்.

மரநேசன்

அந்த அறிவிப்பை எழுதியவர்களில் நானும் ஒருவன், அதனால் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ஒக்கிப் புயலில் நம் மாவட்டம் எத்தனை மரங்களை இழந்தது என்று எல்லோரும் கண்ணால் கண்டோம். 2017 டிசம்பரில் எங்கள் ஊரில் நின்ற பெரிய மரங்களில் பாதி சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் நட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கேள்வி இது. அந்தச் சரிவு எப்போதுமே புல்லாக இருந்ததா? கோடையில் யாராவது தீ வைக்கிறார்கள், மரம் எழும்ப விடாமல் எரிகிறது, புல் மட்டும் மிஞ்சுகிறது. காட்டை அழித்ததால் வந்த புல்லை இயற்கை என்று சொல்லிக் காப்பாற்றினால் அழித்தவனுக்குத்தானே அது துணைபோகும்? இன்னொன்று, தண்ணீர். மரம் இருந்தால்தான் ஊற்று வற்றாது என்று நம் முன்னோர் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். கும்பப்பூ அண்ணாச்சி வயலுக்கும் மலைத்தண்ணீர்தானே வருகிறது?

ஒரு சின்னக் குருவிக்காக இதையெல்லாம் விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை.

பழைய தாவரவியல் ஆசிரியர்

மரநேசன் கேட்டது நியாயமான கேள்வி, இதற்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒரே வரியில் பதில் கிடையாது.

அசம்பு மலையில் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காடு வெட்டிக் காப்பி வைத்தார்கள். அந்தக் காப்பி பின்னால் இலைநோயில் அழிந்தது. கைவிட்டுப்போன இடங்களில் சில மறுபடி காடாயின, சில தீயில் எரிந்து எரிந்து புல்லாக நின்றுவிட்டன. அதனால் நம் மலையில் இன்று காணும் புல் எல்லாமே ஆதிப்புல் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிரித்து அறிய வழி இருக்கிறது. சரிவில் நடந்து பாருங்கள். கடப்பாரையை ஊன்றினால் ஒரு முழத்துக்குள் தட்டுப்பாறை தட்டுகிறதா? காற்று நேராக அறைகிற மலைமுதுகா? குட்டை ஈச்சை அங்கங்கே நிற்கிறதா? புல்லில் பல வகை கலந்திருக்கிறதா, மழைக்குப் பிறகு சிறு பூண்டுகள் பூக்கின்றனவா? இவை இருந்தால் அது பழைய புல்வெளி. அங்கே மரத்துக்கு வேர் ஓட மண் இல்லை, காற்றும் விடாது. நட்டாலும் ஒரு கோடைக்கு மேல் நிற்பது கடினம். மாறாக, பழைய காப்பித் தோட்டத்தின் படிவரப்பு தெரிந்தால், வெட்டிய மரத்தின் மூடு மண்ணுக்குள் கிடந்தால், மலை மடிப்பில் நிற்கும் சோலைக்காட்டின் ஓரத்திலிருந்து தானாகவே கன்று முளைத்து நகர்ந்து வந்தால், அது காடாக விரும்பும் நிலம். அங்கேகூட நடுவதைவிடத் தீயைத் தடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் பற்றிச் சொல்கிறேன். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் இதை ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள், இன்னொன்றில் ஒரு பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் 10 ஆண்டுச் சுற்றிலேயே மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடிவரும் தண்ணீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வேகமாக வளரும் மரம் புல்லைவிட அதிகத் தண்ணீரைக் குடித்து ஆவியாக விடுகிறது. சோலையின் மரம் வேறு. அது பள்ளத்தில், மடிப்பில், ஓடையோரத்தில் மெல்ல வளர்ந்தது. சோலை இருக்கும் இடத்தில் சோலை, புல் இருக்கும் இடத்தில் புல் என்று இரண்டும் சேர்ந்துதான் ஓடையைக் கோடையிலும் ஓட வைக்கின்றன.

நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியைத் தரிசு என்று கணக்கில் எழுதிச் சீகை என்கிற வாட்டில் மரத்தையும் பைனையும் நட்டார்கள். அவற்றை அகற்ற இன்றைக்குப் பெரும் செலவு செய்கிறார்கள், சீகை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. அந்தப் பாடத்தை நாம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

கும்பப்பூ

சார் தண்ணீர்க் கணக்கைச் சொன்னதும் எனக்கு ஒரு பக்கம் தெளிந்தது. பழையாற்றில் தண்ணீர் குறைந்தால் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். கடைமடை காய்ந்தால் கும்பப்பூவின் கடைசிப் பாய்ச்சலுக்கு நாங்கள் படும் பாடு சொல்லி மாளாது. மலையில் யார் எதை நட்டாலும் எங்களையும் கேட்டுவிட்டு நடுங்கள்.

தக்கலைத் தம்பி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பறவை வளர்க்க ஆசை. சந்தையில் ஒருவர் இந்தச் சில்லைகளைக் கூண்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சிலவற்றுக்குப் பச்சை, சிவப்பு நிறம். வெளிநாட்டுக் குருவி என்றார். ஒரு ஜோடி வாங்கலாமா? எத்தனை முட்டையிடும்?

அசம்பு மலையான்

வாங்காதே தம்பி. அந்த நிறம் சாயம். நம் வயலில் வலை வீசிப் பிடித்த புள்ளிச் சில்லைக்குச் சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்கிறார்கள். பறவை இறகைக் கோதும்போது சாயம் வயிற்றுக்குள் போகிறது, நெருக்கமான கூண்டில் பலவும் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே செத்துவிடுகின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். அடுத்த முறை பார்த்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்.

வளர்த்தே ஆக வேண்டும் என்றால் கூண்டுப் பறவையாகவே தலைமுறை தலைமுறையாக வந்த வங்காளச் சில்லை இருக்கிறது. அதன் மூதாதை நம் கீரிப்பாறையில் திரிகிற அதே வெண்முதுகுச் சில்லைதான். 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போய், அங்கே வளர்ப்புப் பறவையானது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டின் பாட்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். காட்டுப் பறவையின் பாட்டு எளிமையானது, கூண்டில் வளர்ந்ததன் பாட்டு பல வகையாகக் கலைந்து சேர்கிறது.

முட்டை பற்றிக் கேட்டாய். கருந்தொண்டைச் சில்லை புல்லால் பெரிய உருண்டைக் கூடு கட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்து, மூன்றிலிருந்து எட்டு வரை வெள்ளை முட்டைகள் இடும். இந்தச் சில்லைக் குடும்பத்தில் ஆண், பெண் இரண்டுமே அடைகாக்கும்.

கீரிப்பாறைச் செல்வி

பாட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. வெண்முதுகுச் சில்லை ஒன்று எங்கள் வேலிக் கம்பியில் உட்கார்ந்து தொண்டையை உப்பிக்கொண்டு அலகை அசைத்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொன்று நகர்ந்து வந்து கழுத்தை நீட்டி, அதன் அலகுக்கு நேராகக் காதை வைத்ததுபோல் நின்றது. அதுவும் அசையாமல் நெடுநேரம் நின்றது. நோய்ப்பட்ட பறவைகளோ என்று நினைத்தேன்.

அசம்பு மலையான்

நோய் எதுவும் இல்லை, செல்வி. நீங்கள் பார்த்தது மிக அருமையான காட்சி. சில்லைகளின் பாட்டு அவ்வளவு மெல்லியது. ஆண் பாடும்போது கூட்டத்தில் உள்ள வேறு பறவை, சில நேரம் இன்னொரு ஆணேகூட, ஒட்டி வந்து கழுத்தை நீட்டிக் கேட்கும். குயிலோ கரிச்சானோ பாடினால் ஊருக்கே கேட்கும். அது தன் எல்லையை அறிவிக்கிற பாட்டு. சில்லைக்கு மேய்ச்சல் எல்லை கிடையாது. புல் எங்கே பழுக்கிறதோ அங்கே கூட்டம் போகிறது, அதனால் அதன் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்.

அந்தக் கூட்ட வாழ்க்கைக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கும் புல்லுக்கும் நேரான தொடர்பு உண்டு. புள்ளிச் சில்லைகளைக் கூண்டில் வைத்து இரை தேடுவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். தலையைத் தாழ்த்தித் தத்துகிறவை தாமாக விதை தேடுகின்றன. தலையை நிமிர்த்தித் தத்துகிறவை மற்றவை எங்கே கண்டுபிடிக்கின்றன என்று பார்த்து அங்கே போய்ச் சேர்கின்றன. ஒரு பறவை கண்டதைக் கூட்டம் பகிர்ந்துகொள்கிறது. மலையில் ஒரு முதுகில் புல் காய்ந்து விதை உதிர்ந்திருக்கும்போது அடுத்த முதுகில் அப்போதுதான் பால்பிடித்திருக்கும். கூட்டம் அப்படித் தாவித் தாவி ஆண்டை ஓட்டுகிறது. நடுவில் ஒரு முதுகை மரத்தால் மூடினால் போவது அந்த ஒரு முதுகின் விதை மட்டும் என்று எண்ணாதீர்கள். அந்தப் பருவத்துக்கான இணைப்பே அறுந்துபோகும்.

மரநேசன், நீங்கள் "ஒரு சின்னக் குருவிக்காகவா" என்று கேட்டீர்கள். ஆம், அதற்காகத்தான். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் யானையையும் புலியையும் பேசினோம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் யானைக்குப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூன்று மலைத்தொகுதிகளில் மட்டும் இருக்கிற இந்தப் பறவைக்கு, அது இருக்கும் மாவட்டத்துக்காரர்கள் நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

மரநேசன்

ஆசிரியர் சொன்னபடி நேற்று மூன்று பேர் கடப்பாரையோடு மேலே போனோம். முதுகுப் பகுதியில் பல இடங்களில் அரை முழத்திலேயே பாறை தட்டியது. குட்டை ஈச்சை நிறைய நிற்கிறது. கீழே ஓடை மடிப்பில் மட்டும் கறுப்பு மண், ஆழமும் இருக்கிறது. அங்கே பழைய கல்வரப்பு தெரிகிறது, சோலையோரத்திலிருந்து கன்றுகளும் எழும்பி நிற்கின்றன.

குழுவில் பேசினேன். மேல்சரிவில் குழி எடுக்க வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. ஒரு சிலருக்கு வருத்தம், கன்றுகளுக்குப் பணம் கொடுத்தாயிற்று என்கிறார்கள். அவற்றில் நாங்கு, நாவல் வகைகளை ஓடை மடிப்பில் வைக்கலாமா? மீதியைக் கீழே ஊர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுகிறேன். அறிவிப்பில் இருந்த "தரிசு" என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம்.

பழைய தாவரவியல் ஆசிரியர்

நல்ல முடிவு. மடிப்பில் தானாக முளைத்த கன்றுகள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, வெறுமையாக உள்ள ஓடைக்கரையில் மட்டும் வையுங்கள். அவை என்ன இனம் என்று படம் எடுத்து அனுப்பினால் பெயர் சொல்கிறேன். அருகில் உள்ள சோலையில் இல்லாத மரம் எதுவும் வேண்டாம். அப்புறம், புல்லை இப்போது அறுக்க விடாதீர்கள். கதிர் முற்றி விதை உதிர்ந்த பிறகு கால்நடைக்கு அறுக்கட்டும். கோடைக்கு முன்பு தீத்தடுப்புக் கோடு ஒன்று செதுக்க வேண்டும், அந்த வேலைக்குத்தான் ஆள் அதிகம் தேவைப்படும்.

கும்பப்பூ

தீக்கோடு செதுக்க எங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டி வருகிறேன். கும்பப்பூ அறுவடை முடிந்தால் கை ஓய்வுதான். இந்த முறை வரப்பில் ஒரு பக்கத்தைச் செதுக்காமல் புல்லோடு விட்டிருக்கிறேன், குருவி எதில் இறங்குகிறது என்று பார்த்து எழுதுகிறேன். என் மகனுக்கு மேலே உள்ள சில்லையைப் பார்க்க வேண்டுமாம். எப்போது வரலாம்?

அசம்பு மலையான்

மழை ஓய்ந்து வெயில் அடிக்கிற இடைவெளியில் வாருங்கள், அண்ணாச்சி. காலை எட்டு மணிக்குள் மேலே இருந்தால் நல்லது. பனி காய்ந்ததும் மேயத் தொடங்கிவிடும். தோட்டத்து அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி கேட்டுவிடுகிறேன், சரணாலய எல்லைக்குள் நாம் நுழையப்போவதில்லை. வண்டி பாதிவரைதான் போகும், மீதி நடை. அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மகனிடம் கறுப்போ பழுப்போ நிறச் சட்டை போடச் சொல்லுங்கள். செல்வி, அத்தைக்கு ஓய்வு இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். எந்தப் புல் எந்த மாதம் கதிர்விடும் என்று நமக்குச் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை, அதை மாதவாரியாக இந்த இழையிலேயே எழுதி வைத்துவிடலாம்.